பிரவுன் விற்ற பவுன்

பொன் வந்த வழி – 17

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் லெபோ பசார் என்று பலகை சொல்லும்; தமிழர் வாயில் அது என்றும் கடைத்தெருதான். அங்கே நகைக்கடை ஒன்றில் பழைய பவுன் காசு இருந்தால் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் ராஜாவோ ராணியோ. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன், குளம்படியில் கிடக்கும் சிறகு முளைத்த பாம்பை ஒழித்துக்கட்டுகிறான். அவன் செயின்ட் ஜார்ஜ். செதுக்கியவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியர். இந்தக் காசு முதன்முதலாக அச்சில் விழுந்தது 1817-இல். அப்போது இங்கிலாந்தின் அரசர் மூன்றாம் ஜார்ஜ். 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி ஏற்றி ஊருக்குச் சூட்டியதும் அதே ஜார்ஜின் பெயரைத்தான். ஊரும் காசும் ஒரே அரசர் காலத்துப் பிள்ளைகள்.

காசின் எடை 8 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு, 7.98. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சொக்கத் தங்கம். அந்தப் பங்கை ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916. இன்று மலேசிய நகைக்கடைகளில் தாலிக்கொடி முதல் தோடு வரை முத்திரையாக நிற்கும் எண் அதுதான். ‘பவுண்ட்’ என்பது நம் நாவில் பவுன் ஆயிற்று, ‘சாவரின்’ சவரன் ஆயிற்று. மலாய்க்காரர்கள் ‘பாவுன்’ என்று சொல்லிச் சங்கிலியில் கோத்துக்கொண்டார்கள். அரசாட்சி போய் இத்தனை காலமாகியும் அளவுகோல் மட்டும் போகவில்லை.

அந்த அளவுகோலைக் கொடுத்த நாடு, தன் நிலவறையைத் திறந்து பாதிக்குமேல் விற்ற கதை இந்த இதழில்.

சென்ற இதழில் 1978-ஐப் பார்த்தோம். இந்தியாவில் மொரார்ஜி தேசாய் அரசு ரிசர்வ் வங்கி மூலம் 14 ஏலங்கள் நடத்தி ஏறத்தாழ 13 டன் தங்கத்தைச் சந்தையில் இறக்கியது. கடத்தல் குறையும், விலை இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டும் நடக்கவில்லை. அந்த ஏலம் உள்நாட்டுச் சந்தைக்கானது. உலகச் சந்தை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. 21 ஆண்டு கழித்து லண்டன் செய்தது வேறு ரகம்.

1999 மே 7, வெள்ளிக்கிழமை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்கு எழுத்து மூலம் தரப்பட்ட பதிலில் செய்தி வந்தது. கொடுத்தவர் நிதித் துறையின் இணையமைச்சர் பெட்ரிசியா ஹியூவிட். முடிவு நிதியமைச்சர் கோர்டன் பிரவுனுடையது. நாட்டின் கையிருப்பில் உள்ள 715 டன்னில் 415 டன்னைப் படிப்படியாக விற்று 300 டன்னோடு நிறுத்திக்கொள்வது. வரும் பணத்தை டாலர், யூரோ, யென் பத்திரங்களில் போடுவது. ஏலத்தை நடத்தப்போவது இங்கிலாந்து வங்கி. முதல் ஏலம் ஜூலை 6-ஆம் தேதி, 25 டன்.

இந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டியது எடையை அல்ல, தேதியை. மே 7-இல் சொல்லி ஜூலை 6-இல் விற்பது. நடுவில் முழுசாக இரண்டு மாதம். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் எந்த விவசாயியும் ‘வரும் வாரம் இரண்டு வண்டி கத்தரிக்காய் இறக்கப் போகிறேன்’ என்று தண்டோரா போட்டுவிட்டு வண்டி கட்டமாட்டான். பிரிட்டன் கட்டியது. அரசாங்கத்தின் விற்பனை ஒளிவுமறைவின்றி நடக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கொள்கையாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. வியாபாரமாகப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஆஸ்திரேலியா இதை நேர்மாறாகச் செய்திருந்தது. 1997-இன் முதல் ஆறு மாதத்தில் அந்நாட்டு ரிசர்வ் வங்கி தன்னிடமிருந்த 247 டன்னில் 167 டன்னைச் சத்தமில்லாமல் விற்றுத் தீர்த்துவிட்டு, ஜூலை 3-ஆம் தேதிதான் வாயைத் திறந்தது. தாய்லாந்தின் பாட் நாணயம் சரிந்து ஆசிய நெருக்கடி தொடங்கியது அதற்கு முதல்நாள். அறிவிப்பு வந்ததும் தங்கம் சரிந்தது; ஆனால் அவர்கள் பணம் ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தது.

பெல்ஜியமும் நெதர்லாந்தும் அதற்கும் முன்பே தவணை தவணையாக விற்றவை. சுவிட்சர்லாந்து 1,300 டன்னை விற்கப் பேசிக்கொண்டிருந்தது. ஏழை நாடுகளின் கடனைக் குறைக்கப் பன்னாட்டு நாணய நிதியமும் கொஞ்சம் விற்கலாம் என்று 1999-இல் பேச்சு. வட்டி தராத உலோகத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்பதுதான் அந்தக் காலத்து ஐரோப்பிய வங்கிகளின் நினைப்பு. விற்காதவர்களும் சும்மா இருக்கவில்லை. தங்கத்தை ஒரு சதவீத வட்டியளவில் இரவல் கொடுத்தார்கள். வாங்கிய வணிக வங்கி அதை உடனே சந்தையில் விற்றுக் காசாக்கும். திருப்பிக் கொடுப்பதற்கான தங்கம் சுரங்க நிறுவனத்திடமிருந்து பின்னால் வரும். நெல் கதிரில் இருக்கும்போதே விலை பேசி முன்பணம் வாங்குவதுபோல, பூமிக்குள் கிடக்கும் தங்கத்தைச் சுரங்கக்காரர்கள் முன்பேரம் பேசி விற்றார்கள். ஆக, வெட்டியெடுத்த தங்கம், வெட்டாத தங்கம், வங்கி விற்ற தங்கம், விற்கப்போவதாகச் சொன்ன தங்கம் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் விலையை அழுத்தின.

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம்.

1998 செப்டம்பரில் மலேசியா ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று ஆணியடித்து நிறுத்தியது. 2005 ஜூலை வரை அந்த ஆணி அசையவில்லை. அதனால் லண்டனில் தங்கம் ஒரு டாலர் இறங்கினால் பினாங்கில் அப்படியே 3.80 இறங்கும், நாணய ஏற்ற இறக்கம் குறுக்கே வந்து கணக்கைக் குழப்பாது. பினாங்குப் பெரியவர்கள் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்பார்கள். தங்கத்தின் விலையை வெள்ளியில் சொல்லும் ஊர் இது. அந்த வழக்கிலேயே ஒரு பவுன் காசுக்குள் இருக்கும் சொக்கத் தங்கத்தின் மதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். கூலி, சேதாரம், கடை லாபம் எதுவும் சேர்க்காமல்.

1980 ஜனவரி 21-இல் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது ஒரு பவுன் சுமார் 430 வெள்ளி. 1998 ஜனவரியில் ரிங்கிட் ஒரு டாலருக்கு 4.88 வரை வீழ்ந்த நாளில், உலக விலை மட்டமாக இருந்தும், 320 வெள்ளியைத் தாண்டியது. 1999 மே மாதம் பிரவுனின் அறிவிப்புக்கு முன் 258 வெள்ளி அளவில் இருந்தது. முதல் ஏலத்தில் தங்கம் அவுன்ஸ் 261 டாலர் 20 சென்டுக்குப் போனது; பவுன் 234 வெள்ளி. ஜூலை 20-இல் லண்டன் விலை 252 டாலர் 80 சென்ட். பவுன் 226 வெள்ளி.

ஜூலை 20 என்றால் ஆடி பிறந்து மூன்று நான்கு நாள்.

உலகமே தங்கத்துக்கு ஆடித் தள்ளுபடி போட்டது. ஆனால் நம்மவர்கள் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, தாலிக்குப் பொன்னுருக்குவதில்லை. 20 ஆண்டுகளில் இல்லாத மலிவு விலை வந்து நின்றபோது தமிழன் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, ஆகஸ்ட் கடைசியில் விலை மறுபடி 252-க்கு இறங்கியது. அது ஆவணி. அந்த முகூர்த்தங்களுக்குத் தாலிக்கொடி எடுத்தவர்கள் தெரியாமலே பிரிட்டிஷ் நிதியமைச்சரின் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

கடைத்தெருவுக்கு அது லாபம் என்றால் தென்னாப்பிரிக்காவுக்கு அது வயிற்றடி. ஆழமான பழைய சுரங்கங்களில் ஓர் அவுன்ஸ் எடுக்கும் செலவே விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. ஆட்குறைப்பு தொடங்கியதும் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தினர் லண்டன் வரை போய்க் குரல் கொடுத்தார்கள். ஏழை நாடுகளின் கடனைத் தீர்க்கத் தங்கம் விற்பதாகச் சொல்கிறீர்களே, அந்த ஏழை நாடுகளில் பலவற்றின் பிழைப்பே தங்கம்தானே என்ற அவர்கள் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமும் முட்டுக்கட்டை போட, நாணய நிதியம் சந்தைக்கு வராமல் பிரேசிலோடும் மெக்சிகோவோடும் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே வாங்கி விற்றுக் காரியத்தை முடித்துக்கொண்டது.

செப்டம்பர் 21-இல் பிரிட்டனின் இரண்டாவது ஏலம். அவுன்ஸ் 255 டாலர் 75 சென்ட். ஐந்தே நாளில் கதை தலைகீழானது.

செப்டம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாணய நிதியத்தின் ஆண்டுக் கூட்டத்துக்காக எல்லா நாட்டு வங்கித் தலைவர்களும் வாஷிங்டனில் கூடியிருந்தார்கள். ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் விம் டூய்சன்பெர்க் ஒரு சிறு அறிக்கையை வெளியிட்டார். 15 மத்திய வங்கிகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு இவர்கள் எல்லோரும் சேர்ந்து விற்பது ஆண்டுக்கு 400 டன்னைத் தாண்டாது. மொத்தம் 2,000 டன். இரவல் கொடுக்கும் அளவையும் இனி கூட்டுவதில்லை. சுவிட்சர்லாந்தின் 1,300 டன், பிரிட்டனின் மீதி எல்லாம் இதற்குள் அடக்கம்.

நன்றாகப் பாருங்கள். விற்பனையை நிறுத்துவதாக அவர்கள் சொல்லவில்லை. பிரிட்டன் அறிவித்ததுபோல் கிட்டத்தட்ட ஐந்து மடங்குத் தங்கத்தை விற்கப் போகிறோம் என்றுதான் அதில் இருந்தது. 415 டன் என்ற செய்திக்குச் சரிந்த சந்தை, 2,000 டன் என்ற செய்திக்குத் துள்ளி எழுந்தது. 268 டாலர் அளவில் இருந்த தங்கம் பத்து நாளில் 325-ஐத் தாண்டியது. பவுன் 240 வெள்ளியிலிருந்து 290 வெள்ளிக்குப் போனது. புரட்டாசி பாதிதான் கடந்திருந்தது.

காரணம் எளிது. அதுவரை சந்தையைப் பயமுறுத்தியது வந்த தங்கம் அன்று. எவ்வளவு வரும் என்று தெரியாத தங்கம். ஐரோப்பிய நிலவறைகளில் ஆயிரக்கணக்கான டன் இருக்கிறது, யார் எந்த நாளில் கதவைத் திறப்பார்கள் என்பது தெரியாமல் வியாபாரிகள் முன்கூட்டியே விற்றுத் தள்ளினார்கள். அளவு தெரிந்ததும் பயம் போயிற்று. ஒரு கிராமும் கை மாறாமல் நடந்த இந்த இரண்டு விலைமாற்றங்களையும் செய்தவை இரண்டு தாள்கள்: மே மாதத்து நாடாளுமன்றப் பதில் ஒன்று, செப்டம்பர் மாதத்து வாஷிங்டன் அறிக்கை மற்றொன்று.

இந்தத் துள்ளலில் அடிபட்டவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கானா நாட்டின் ஒபுவாசியில் அஷாந்தி கோல்டுஃபீல்ட்ஸ் என்ற பெரிய சுரங்க நிறுவனம். விலை இன்னும் இறங்கும் என்று அஞ்சி அது தன் வருங்காலத் தங்கத்தைக் கண்டபடி முன்பேரத்தில் விற்றுவைத்திருந்தது. விலை ஏறியதும், கடன் கொடுத்த வங்கிகள் ஈட்டுத்தொகை கேட்டு வாசலில் நின்றன. தங்கம் விலை ஏறியதால் தங்கச் சுரங்கம் திவாலாகும் நிலை! கனடாவின் கேம்பியோர் நிறுவனத்துக்கும் இதே கதிதான். அஷாந்தி அப்போதைக்குத் தப்பிப் பிழைத்தது. 2004-இல் தென்னாப்பிரிக்காவின் ஆங்கிலோகோல்டோடு சேர்ந்து கரைந்தது.

அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 7. ஆரவாரம் அடங்கித் தங்கம் 290 டாலரை ஒட்டி இறங்கியிருந்தது. பவுன் 260 வெள்ளிக்குள்.

பிரிட்டன் பாட்டுக்குத் தன் ஏலங்களைத் தொடர்ந்தது. முதல் தவணையில் ஐந்து, அடுத்து ஆறு, ஒவ்வொன்றும் 25 டன். கடைசியில் 20 டன்னாக ஆறு. 2002 மார்ச்சில் முடிந்தபோது 17 ஏலங்களில் 395 டன் போயிருந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம் பவுன். சராசரி விலை அவுன்ஸுக்கு 275 டாலர். கிடைத்தது 350 கோடி டாலர். ஏலத்தில் வென்ற எல்லோருக்கும் ஒரே விலை. வென்ற கேள்விகளுள் எது மிகக் குறைவோ அது. கூட்டிக் கேட்டவருக்கும் நட்டமில்லை.

தங்க வியாபாரிகள் அந்தக் காலகட்டத்துக்கு ‘பிரவுன் பள்ளம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாட்டிக்கொண்ட ஒரு பெரிய வங்கியைக் காப்பாற்றத்தான் பிரவுன் விற்றார் என்றும் ஒரு கதை இன்றுவரை உலவுகிறது. அதை நிரூபிக்கும் சான்று எதுவும் வெளிவரவில்லை. இருப்பை ஒரே உலோகத்தில் முடக்காமல் பல நாணயங்களில் பரப்பியது தப்பு என்று சொல்ல முடியாது. அன்று ஐரோப்பாவில் பாதிப் பேர் அதையே செய்தார்கள். 2000-க்குப்பின் தங்கம் இப்படி ஏறும் என்று அன்று சொன்னவர்களையும் விரல்விட்டு எண்ணலாம். பிரவுனின் பிழை விற்றதில் இல்லை, விற்கும்முன் பேசியதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கதை கண்முன் இருந்தும் அதைப் படிக்காமல் போனார்.

பினாங்கில் பேங்க் நெகாரா மலேசியாவின் அலுவலகம் லைட் தெருவில் இருக்கிறது. கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆள் நடமாட்டமே இல்லாத புதர்க்காட்டை வெட்டவைக்கப் பிரான்சிஸ் லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுச் சுட்டார், பொறுக்கும் ஆசையில் ஆட்கள் காட்டை அழித்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, ஆள்வோர் காசை வீசினால் குனிந்து பொறுக்க ஆள் உண்டு என்பது இந்தத் தீவுக்குப் பழைய பாடம். அந்த லைட்டின் பெயர் தாங்கிய தெருவில் கிளை வைத்திருக்கும் மத்திய வங்கி, 2001 ஜூலை 17-இல் தானும் ஒரு தங்க விற்பனையைத் தொடங்கியது.

பெயர் கிஜாங் எமாஸ், தங்க மான். கிளந்தானின் பழம் பொற்காசுகளில் துள்ளிய அதே கிஜாங், பேங்க் நெகாராவின் சின்னமும் அதுதான். ஒரு பக்கம் மான், மறுபக்கம் செம்பருத்தி. ஒரு அவுன்ஸ், அரை, கால் என மூன்று அளவு, தரம் 999.9. அதே ஜூலையில் லண்டனில் இன்னொரு 20 டன் ஏலம் போனது. ஒருகாலத்தில் ஆண்ட நாட்டின் வங்கி கட்டி கட்டியாகப் பெரிய வியாபாரிகளிடம் தள்ளிக்கொண்டிருக்க, ஆளப்பட்ட நாட்டின் வங்கி தன் மக்களுக்குக் காசு காசாக விற்றது. அன்றைய உலக விலையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 1,020 ரிங்கிட் அளவில்தான் வரும். இதுவும் ஆடி பிறந்த கையோடு!

டாக்டர் மகாதீர் நாடுகளுக்கிடையேயான வணிகத்துக்குத் தங்க தினார் வேண்டும் என்று பேசிவந்த காலமும் அதுவே. அந்தத் திட்டம் பேச்சோடு நின்றது. மான் நின்று நிலைத்தது. ஆனால் கடைத்தெரு மக்கள் காசை மதித்தாலும் கழுத்தில் ஏறாத தங்கத்தைத் தங்கமாகவே எண்ணுவதில்லை. சீட்டுக் கட்டி நகையாக வாங்குகிறவர்களுக்கு 999.9-ஐவிட 916-தான் இன்றும் நெருக்கம்.

இப்படி விற்கப்படும் தங்கம் எங்கே போகிறது என்பதற்குப் பின்னாளில் ஒரு துண்டு விடை கிடைத்தது. 2009-இல் நாணய நிதியம் 403 டன் விற்க முன்வந்தபோது, முதல் ஆளாகப் போய் 200 டன்னை மொத்தமாக வாங்கியது இந்திய ரிசர்வ் வங்கி. விலை 670 கோடி டாலர். அவுன்ஸ் 1,045 டாலர் விகிதம். பிரவுனுக்குக் கிடைத்ததுபோல் ஏறக்குறைய நான்கு மடங்கு. 1991-இல் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைத்துச் செலவுக்குப் பணம் வாங்கிய நாடு அது. அன்றைய ஆளுநர் நாகர்கோவில்காரரான எஸ். வெங்கிடரமணன். ஈட்டுக்கு அனுப்பிய வலி தெரிந்த வங்கிக்கு விலை பெரிதாகத் தெரியவில்லை. இலங்கை மத்திய வங்கியும் அதே விற்பனையில் 10 டன் வாங்கியது. டாலர் வறட்சி கழுத்தை நெரித்த 2021 இறுதியில், அது தன் கையிருப்புத் தங்கத்தில் பாதிக்குமேல் விற்றது. நான்கு மாதத்தில் நாடு கடன் கட்ட முடியாமல் கையை விரித்தது.

வாஷிங்டன் ஒப்பந்தத்தை 2004, 2009, 2014 என மூன்றுமுறை புதுப்பித்தார்கள். 2019-இல் புதுப்பிக்கவில்லை, கட்டுப்படுத்த விற்பனையே இல்லை. 2010 முதலே மத்திய வங்கிகள் விற்பதைவிட வாங்குவது அதிகம். 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டும் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்குமேல் வாங்கின. 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. 1999 ஆடியில் 226 வெள்ளியாக இருந்த பவுன் 4,000 வெள்ளியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

இங்கிலாந்து வங்கியின் நிலவறையில் பிரிட்டனுக்குச் சொந்தமான சுமார் 310 டன் இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு அவுன்ஸ் கிஜாங் எமாஸ் காசின்மேல் பொறித்த முகமதிப்பும் மாறவில்லை: 200 ரிங்கிட்.

(தொடரும்)